மூட்டு மாத்திரையும் மூன்றாம் சனிக்கிழமையும்

தவறான பதில் சொல்லி வாடிக்கையாளரை ஆபத்தில் தள்ளிய மருந்தாளர்களைப் பற்றி உங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள். என் கதை கொஞ்சம் வேறு. ஒரு பெண் கேட்ட கேள்விக்கு லேபிளைப் படித்துச் சரியான பதில்தான் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு சொல் கூடுதலாகச் சொன்னேன். மூன்றே வாரத்தில் அவர் சாகக் கிடந்தார்.

முப்பத்தோரு வருடம் கிள்ளானில் ஒரே மருந்துக்கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். இப்போது பிரிக்பீல்ட்ஸில் மகளோடு இருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது வராது. நான் கோட்டை விட்ட கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் உதவும்.

மூட்டு வலிக்குக் கடையில் விற்கிறோமே சப்ளிமெண்ட், அதன் பக்க விளைவுகள் உங்களுக்கு அத்துப்படி. வயிறு உப்பும், நெஞ்செரியும், சிலருக்குப் பேதியாகும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உடம்பு தடிக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தம் அளவுக்கு மேல் இளகிப் போகலாம். அன்றைக்கு என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் இவ்வளவையும் ஒப்பித்திருப்பேன். ஆனால் அன்றைக்கு யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்டது வேறு.

கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். அதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார் பார்வதி அக்கா. ஐம்பத்தெட்டு வயது, ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல் வேலை. எங்கள் கடையில் வலிக்கு ஒட்டும் பிளாஸ்டரும் இருமல் மருந்தும் வாங்குவார், அவ்வளவுதான். மற்ற மருந்தெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்வார் போலிருக்கிறது. அது என்ன மருந்து என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பையிலிருந்து பெரிய போத்தல் ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகள் அனுப்பிய மூட்டு மாத்திரை. கடையில் வேறு யாருமில்லை. இருந்தாலும் கவுண்டர்மேல் இரண்டு கையையும் ஊன்றி, என் காதுக்குப் பக்கத்தில் சாய்ந்து ரகசியம் போலக் கேட்டார்.

"மிஸ், இது சைவமா?"

"ஏன் கா?"

"நாளைக்குப் புரட்டாசி பொறக்குது. வீடெல்லாம் கழுவியாச்சு. மூணாஞ்சனி கோயில்ல எங்க உபயம் வேற. எதிர்வீட்டுப் பொண்ணு இதப் பாத்துட்டு, இதுல இறால் இருக்கு ஆன்டின்னு சொல்லிட்டா. எனக்கு நேத்துலேர்ந்து சோறு எறங்கல."

அவர் அப்படிச் சாய்ந்திருந்தபோது டிக், டிக் என்று மெலிதாக ஒரு சத்தம் கேட்டது. அவருடைய கைக்கடிகாரம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்த மாத்திரத்திலேயே மறந்தும் போனேன்.

கண்ணாடியைப் போட்டு லேபிளைப் படித்தேன். பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது. "இறால் ஓட்டுலேர்ந்து எடுத்ததுதான் கா. இன்னொண்ணும் இருக்கு. மாட்டுக் குருத்தெலும்பு."

"மாடா?"

"ஆமா கா."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "எட்டு மாசமா சாப்பிட்டிருக்கேன் மிஸ். சாமி ரூமுக்குள்ள இந்த வாயோடதான போயிருக்கேன்," என்றார்.

தெரியாமல் சாப்பிட்டதற்குப் பாவமில்லை என்று சமாதானம் சொன்னேன். நான் மருந்தாளரா, குருக்களா என்று என்னையே கேட்டிருக்க வேண்டிய இடம் அது. ஆறுதல் சொல்லும் ஜோரில் என் வேலையை மறந்துவிட்டேன்.

"இன்னையோட விட்டுடறேன். விட்டா ஒண்ணும் ஆகாதுல்ல மிஸ்?"

"ஆகாது."

அந்தச் சொல்தான். அதற்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வெறும் சப்ளிமெண்ட், சாப்பிடும்போதுதான் பக்க விளைவு, நிறுத்தினால் என்ன வந்துவிடப் போகிறது என்பது என் எண்ணம். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்று உங்களுக்குச் சொல்ல இந்தக் கதையே இருந்திருக்காது.

போத்தலை வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போக அவருக்கு மனம் வரவில்லை. கழுவிய வீடு. "நீங்களே தூக்கிப் போட்டுடுங்க மிஸ்," என்று என்னிடமே விட்டுப் போனார். கீழ் டிராயரில் போட்டு வைத்தேன். அன்று முழுவதும் எனக்கு என்மேலேயே ஒரு மெச்சல். விற்கிற இடத்தில் இருந்துகொண்டு இவ்வளவு உண்மை பேசுகிறவள் கிள்ளானில் வேறு யார் என்று நினைத்துக்கொண்டேன். முதலாளியிடம்கூடப் பெருமையடித்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை காலை ரவாங்கிலிருந்து லோரி ஓட்டி வந்த ஒருவர் கடைக்கு வந்தார். சவரம் செய்யும்போது தாடையில் கீறிக்கொண்டாராம். சின்னக் கீறல்தான், ஆனால் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை வைத்து நானே அழுத்திப் பிடித்தேன். முகத்துக்கு முகம் கிட்டத்தில் நின்றபோது அதே சத்தம். டிக், டிக். என் கண் தானாகச் சுவரைப் பார்த்தது.

அவர் சிரித்தார். "கடிகாரத்தத் தேடாதீங்க மிஸ். நான்தான். நெஞ்சுல இரும்பு வால்வு போட்டிருக்காங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன், அதான் இது நிக்க மாட்டேங்குது. ராத்திரியில என் வைஃபுக்கு என் சத்தத்துலதான் தூக்கம் போகும் லா."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது பார்வதி அக்காவின் கைகள் கண்முன் வந்தன. கவுண்டர்மேல் ஊன்றிய இரண்டு கைகள், போத்தலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவற்றில் கண்ணாடி வளையல்தான் இருந்தது. கடிகாரம் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று விளங்கியது. நெஞ்சில் இரும்பு வால்வு இருந்தால் அதில் ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். எட்டு மாதமாக மூட்டு மாத்திரையும் சேர்ந்து ரத்தத்தை இளக்கியிருந்தால், ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து மாத்திரையின் அளவைக் குறைத்திருப்பார்கள். இப்போது மூட்டு மாத்திரை நின்றுவிட்டது. குறைத்த அளவு குறைத்தபடியே இருக்கும். போதாததற்குப் புரட்டாசி மாதம். தினமும் கீரை சாப்பிடுவார். திடீரென்று கீரை கூடினால் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்தின் வேகம் குறையும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாமே ஒரே திசையில் போகிறது, வால்வில் ரத்தம் கட்டும் திசையில்.

லோரிக்காரருக்குக் கட்டுப் போட்டு, நிற்காவிட்டால் கிளினிக் போகச் சொல்லி அனுப்பினேன். என்னிடம் பார்வதி அக்காவின் போன் நம்பர் இல்லை. முழுப் பெயர் தெரியாது, வீடு தெரியாது. கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களின் விவரத்தை யார் எழுதி வைக்கிறார்கள். தெரிந்தது ஒன்றுதான்: மூன்றாம் சனி பெருமாள் கோயிலில் அவர்கள் உபயம். இன்றைக்குத்தான் மூன்றாம் சனி.

முதலாளியிடம் போய் நான் கிளம்ப வேண்டும் என்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சனிக்கிழமை மிஸ். கடை நிறைய ஆள். மூணு வாரத்துக்கு முன்னாடி கேட்ட ஒரு சத்தத்த நம்பியா போறீங்க?"

"ஆமா."

"அது வேற ஏதாச்சும் சத்தமா இருந்தா?"

"கோயில்ல சாப்பிட்டுட்டு வந்துடறேன்."

அந்த நேரத்தில் எனக்கும் சந்தேகம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் எண்ணம் தப்பானால் நாலு பேர் சிரிப்பார்கள். சரியாக இருந்து நான் போகாவிட்டால் ஒரு உயிர் போகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு யோசிக்க எதுவும் மிச்சமில்லை. நான் இல்லாதபோது விற்கக் கூடாத மருந்துகளின் அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். டிராயரிலிருந்த போத்தலையும் எடுத்துக்கொண்டேன்.

கோயில் பக்கம் ஒரே ஜேம். பாதி வழியில் காரை விட்டுவிட்டு நடந்தேன். பின்கட்டில் அன்னதானச் சமையல் நடந்துகொண்டிருந்தது. பார்வதி அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மேசை நிறையக் குவிந்திருந்த கீரையை நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மிஸ், சாப்பிட்டுத்தான் போகணும்," என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்கு நடுவில் மூச்சு வாங்கியது.

"கா, உங்களுக்கு நெஞ்சுல வால்வு மாத்தியிருக்கா?"

"யாரு சொன்னா? பன்னெண்டு வருஷம் ஆச்சு மிஸ்."

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை?"

"தவறாம சாப்பிடுறேன். மாசா மாசம் ரத்தம் எடுப்பாங்க. இந்த மாசம்தான் உபயம் முடியட்டும்னு தள்ளிப் போட்டுட்டேன்."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. நீங்க கேக்கலையே மிஸ் என்பார். விழுங்கிக்கொண்டேன்.

"மூச்சு எப்பலேர்ந்து வாங்குது?"

"ரெண்டு நாளா. விரதம்ல, அப்படித்தான் இருக்கும். தாஹான் பண்ணிக்கிறேன்." பொறுத்துக்கொள்கிறாராம்.

முன்மண்டபத்திலிருந்து நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன. என் காதால் எதையும் கேட்க முடியாது. அதனால் அவரையே கேட்டேன். "கா, உங்க நெஞ்சுல டிக் டிக்னு ஒரு சத்தம் வருமே. இப்பவும் வருதா?"

அவர் முகமெல்லாம் மலர்ந்து சிரித்தார். "அத ஏன் கேக்குறீங்க மிஸ். பன்னெண்டு வருஷமா ராத்திரியானா என்னைத் தூங்க விடாது. வியாழக்கெழமலேர்ந்து சத்தமே இல்ல. பெருமாள் புண்ணியம். விரதம் வீண் போகலன்னு தம்பிகிட்டகூட சொன்னேன்."

இரும்பு வால்வு திறந்து மூடும்போது வரும் சத்தம் அது. சத்தம் நின்றால் வால்வு சரியாகத் திறந்து மூடவில்லை என்று அர்த்தம். இந்த அம்மா அதை வரம் என்று நினைத்து இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அவர் மாட்டேன் என்றார். பன்னிரண்டு மணிக்குப் பூஜை, அவர் பேரில் சங்கல்பம். அவருடைய தம்பி செல்வம்தான் உபயத்தைப் பொறுப்பெடுத்து நடத்துகிறவர். அவர் வந்து, "ஒரு மணி நேரம்தான மிஸ், பூஜை முடியட்டும்," என்றார். அக்கா என் கையிலிருந்த போத்தலைப் பார்த்துவிட்டு, "இதைத் திரும்பச் சாப்பிடச் சொல்லித்தான வந்தீங்க?" என்று கேட்டார். தம்பி அதற்கும் மேலே போய், "இல்லன்னா ஆஸ்பத்திரி மாத்திரையை ரெண்டா போட்டுக்கட்டுமே," என்றார்.

எதுவும் வேண்டாம், வாயில் எதையும் போடக் கூடாது என்று இரண்டு பேரையும் நிறுத்தினேன். நெருக்கடியில் ஏதாவது ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட நமக்கே கை பரபரக்கும். கையை அடக்குங்கள். அங்கே என்னிடம் அவருக்கான மருந்து எதுவும் இல்லை. என்னால் முடிந்தது அவரை எழுப்பி நடக்க வைப்பது மட்டும்தான்.

கீரை நறுக்கிக்கொண்டிருந்த மற்ற பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்தால் ஆகாது.

"அக்கா, அன்னைக்கு விட்டா ஒண்ணும் ஆகாதுல்லன்னு கேட்டீங்க. நான் ஆகாதுன்னு சொன்னேன். விசாரிக்காம சொன்னேன். தப்பு என்னோடது. சத்தம் நின்னது புண்ணியம் இல்ல கா, வால்வு மாட்டிக்கிச்சு. பூஜை முடியுற வரைக்கும் தாங்குமான்னு எனக்குத் தெரியாது. என் பேச்ச நம்பி மாத்திரைய விட்டீங்க. இப்ப என் பேச்ச நம்பி எந்திரிங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கத்தியைத் தம்பியிடம் நீட்டினார். "சங்கல்பத்துக்கு நீ நில்லு. கீரைய வேற யாராச்சும் நறுக்கட்டும்," என்று சொல்லி எழுந்தார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அந்த நெரிசலில் கோயில் வரை வர முடியாது என்றார்கள். காய்கறி ஏற்றி வந்த வேனில் அவரைப் பின்வாசல் வழியாகப் பெரிய சாலைக்குக் கொண்டுபோனோம், அங்கே ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டது. நானும் கூடவே ஏறினேன். போகும் வழியில் உபய அழைப்பிதழின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். இரும்பு வால்வு, எத்தனை வருடம், என்ன மாத்திரை, மூன்று வாரமாகக் கீரை, இரண்டு நாளாக மூச்சு வாங்கல், வியாழக்கிழமை முதல் சத்தம் இல்லை. வண்டி குலுங்கியதில் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. அழித்து அழித்து எழுதினேன்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர், தமிழ்ப் பெண்தான், அவரிடம் குனிந்து கேட்டார். "ஆன்டி, வேற மருந்து, சப்ளிமெண்ட், ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

மூக்கில் ஆக்ஸிஜனோடு பார்வதி அக்கா இல்லை என்று தலையாட்டினார். அதில் பொய் ஒன்றுமில்லை. மூன்று வாரமாக அவர் வேறு எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை.

நான் போத்தலை மேசைமேல் வைத்தேன். "எட்டு மாசம் சாப்பிட்டாங்க டாக்டர். மூணு வாரத்துக்கு முன்னாடி விட்டுட்டாங்க. நான்தான் விடலாம்னு சொன்னேன்." அவர் போத்தலைப் பார்த்தார், அழைப்பிதழைத் திருப்பிப் படித்தார், அடுத்த கேள்வி கேட்காமல் போனை எடுத்தார்.

வால்வில் ரத்தம் கட்டியிருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த இரண்டு நாளும் நான் கடையில் நின்றேன், எல்லாருக்கும் மருந்து கொடுத்தேன், யாரிடம் என்ன பேசினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. செவ்வாய்க்கிழமை செல்வம் கடைக்கே நேரில் வந்து அக்கா பிழைத்துவிட்டார் என்று சொன்னபோது, ஸ்டோர் ரூமுக்குள் போய் நன்றாக அழுதேன்.

செல்வம் சொல்லித்தான் மிச்சமும் தெரிந்தது. மூட்டு மாத்திரை சாப்பிடத் தொடங்கிய புதிதில் அக்காவின் கையெல்லாம் ரத்தம் கன்றி நீலம் பூத்ததாம். ஆஸ்பத்திரியில் புதிதாக ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறார். அளவைக் குறைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு மருந்து என்றால் ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் பையில் இருப்பது. போத்தல் இருந்ததோ சாப்பாட்டு மேசையில், ஊறுகாய்க்குப் பக்கத்தில். அது மகள் அனுப்பியது.

அதற்குப் பிறகு என் கேள்விகளை மாற்றிக்கொண்டேன். மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதையே விட்டேன். காலையில் எழுந்ததிலிருந்து வாயில் என்னென்ன போடுகிறீர்கள் என்று கேட்பேன். பிள்ளைகள் என்ன அனுப்பினார்கள் என்று கேட்பேன். சமீபத்தில் எதை நிறுத்தினீர்கள் என்று கட்டாயம் கேட்பேன். விரத மாதம் வருவதற்கு முன்னாலேயே, இந்த மாதம் எதை விடப் போகிறீர்கள் என்றும் கேட்பேன். மிஸ் போலீஸ் மாதிரி விசாரிக்கிறாங்க என்று கிள்ளானில் எனக்குப் பேர். இருந்துவிட்டுப் போகட்டும். நீங்களும் அந்தப் பேரை வாங்குங்கள். வரிசையில் பத்துப் பேர் நின்றாலும், பின்னால் ஒருவர் முணுமுணுத்தாலும், கேட்காமல் பதில் சொல்லாதீர்கள். சைவமா என்று கேட்டால், ஏன், விடப் போகிறீர்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

பார்வதி அக்கா கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் கடைக்கு வந்தார். அன்றும் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. உடம்பு இளைத்திருந்தார். நான் செய்த தப்புக்கு என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் நின்றேன். அவர் கவுண்டர்மேல் இரண்டு கையையும் ஊன்றி, என் காதுக்குப் பக்கத்தில் சாய்ந்து, அப்படியே இருந்தார்.

"கேக்குதா மிஸ்?" என்றார்.

"கேக்குது கா."

"எனக்கும் கேக்குது. தூக்கம்தான் போச்சு," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, நான் கேட்பதற்கு முன்னாலேயே மருந்துப் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.